ஒரு மணி பத்து நிமிஷம்

அந்தத் தாளை இப்படிக் குடுங்க தம்பி. இல்ல இல்ல, நீங்க படிச்சுக் காட்ட வேணாம், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதோ. மஞ்சப் பேனாவால கோடு வேற போட்டு அனுப்பியிருக்கா பாருங்க, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. நார்வே ஸ்டவாங்கர்லேருந்து ஸ்காட்லாந்து அபர்டீன். தூரம் கிட்டத்தட்ட ஐநூறு கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி பத்து நிமிஷம். கம்ப்யூட்டர்ல ரெண்டு ஊர் பேரைத் தட்டினா எவனோ முன்பின் தெரியாதவன் கணக்குப் போட்டுக் குடுத்துடுறான். அதைப் பிரிண்ட் எடுத்து, என்னமோ கோர்ட்டுல சாட்சியைக் கூட்டியாந்த மாதிரி உங்க ஃபைல்ல சொருகி வெச்சுட்டா.

சரி, இப்ப மணி என்ன? பதினொன்னு நாப்பதா? பதினொன்றரைக்கு மூணு பேரும் இந்த மேஜையில உக்காந்திருக்கணும்னு உங்க ஆபீஸ்லேருந்துதானே லெட்டர் வந்துச்சு? நான் வந்தாச்சு. நீங்க இருக்கீங்க. அந்த ஒரு மணி பத்து நிமிஷக்காரி எங்க?

ஓ, மூடுபனியா! உங்களுக்கும் மெசேஜ் போட்டுட்டாளா? எனக்கும் வந்துச்சு. அந்த ஊர் நேரம் காலையில எட்டரைக்குக் கெளம்ப வேண்டிய பிளேன், ஒம்போதே முக்காலுக்குத்தான் கெளம்புச்சாம். நல்லா வேணும். மூடுபனிக்கு இந்த வெப்சைட்டைப் படிக்கத் தெரியாது போலிருக்கு. இல்லைன்னா ஒதுங்கி வழி விட்டிருக்குமே.

நான் ஒன்னும் சந்தோஷப்படலை தம்பி. சிரிக்கிறேன், அவ்ளோதான். சிரிக்கக் கூடாதுன்னு உங்க ரூல்ல இருக்கா? அப்புறம் இந்த டிஷ்யூ டப்பாவை ஏன் என் பக்கமே தள்ளிட்டு இருக்கீங்க? வந்ததுலேருந்து மூணு தடவை தள்ளிட்டீங்க. அழறவங்க வந்தா அவங்க பக்கம் தள்ளுங்க.

இந்த ஒரு மணி பத்து நிமிஷம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? அங்க சக்கரம் தரையை விட்டது, இங்க சக்கரம் தரையைத் தொட்டது. அதுக்கு நடுவுல உள்ள நேரம், அவ்ளோதான். மனுஷன் என்ன சக்கரத்துலயா குடியிருக்கான்? நான் சொல்றேன் கேளுங்க. பதினொன்னே காலுக்கு பிளேன்னா நான் ஏழு மணிக்கு எந்திரிக்கணும். எங்க பக்கம் பஸ் அரைமணிக்கு ஒன்னு. டவுன்ல எறங்கி ஏர்போர்ட் பஸ் மாறணும், மழையில நின்னுக்கிட்டு. ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்கறான். வந்தா ஒரு மனுஷன் கிடையாது. மிஷின் முன்னாடி நின்னு பையை நீயே எடை போடு, ஸ்டிக்கரை நீயே ஒட்டு, நீயே தூக்கி அந்த பெல்ட்டு மேல வைங்கறான். எல்லாத்தையும் நானே செய்யணும்னா நீ எதுக்குடா யூனிஃபார்ம் மாட்டிட்டு நிக்கிறே?

அப்புறம் செக்கிங். பெல்ட்டைக் கழட்டு, ஷூவைக் கழட்டு. என் பொண்ணு ஆல்வாவுக்குன்னு ஜாம் கொண்டு போனேன். நானே மலைக்குப் போய், குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு பழமா பொறுக்கி, நானே கிளறினது. திரவம்ங்கறான். டேய், கரண்டியைக் குத்தி வெச்சா நிக்கும்டா, அது எப்படி திரவம்? தூக்கிக் குப்பையில போட்டுட்டான் அந்தப் பய. அதுக்கப்புறம் பாஸ்போர்ட்டுக்குத் தனி வரிசை, பிரிட்டன் பாருங்க, அவனுங்க யாரோடயும் ஒட்ட மாட்டானுங்க. அதுக்கப்புறம் நடை. அபர்டீன் பிளேனுக்குன்னே எப்பவும் கடைசி கேட்டைத்தான் குடுப்பானுங்க. அந்தக் கேட்டுப் பக்கத்துல ஒரு நீல சோபா இருக்கு, அதோட கைப்பிடியில எவனோ பேனாவால மீன் படம் போட்டிருக்கான். ஆறு தடவை பாத்தாச்சு தம்பி. கண்ணைக் கட்டி விட்டாலும் நேரா போய் அந்த மீன் மேல கை வெச்சுடுவேன்.

அந்தப் பக்கம் எறங்கினா அங்க ஒரு பாஸ்போர்ட் வரிசை. அங்கேருந்து பஸ். அந்த பஸ்ஸும் எப்ப வரும்னு தெரியாதாம். எல்லாம் கூட்டினா வாசல்லேருந்து வாசலுக்கு ஏழு மணி நேரம் ஆகும். இதுல எங்கேருந்து வந்துச்சு ஒரு மணி பத்து நிமிஷம்?

எழுதிக்கிறீங்களா? நல்லா எழுதிக்கோங்க. ஏழு மணி நேரம். மூடுபனி இல்லாத நாள்ல.

ஊரா? ஊர் எப்படி இருக்குன்னா... கல்லு. எல்லா வீடும் சாம்பல் கலர் கல்லுல கட்டினது. மழை பேஞ்சா அந்தக் கல்லு மினுக்கும்னு ஆல்வா சொல்லுவா. ஊரைப் பத்தி என்ன பேச்சு இப்ப, நேரத்தைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கோம்.

ஆமா, எட்டு வயசு. வர்ற செப்டம்பருக்கு ஒம்போது. உங்க ஃபைல்ல எல்லாம் இருக்கும். பொண்டாட்டி புருஷன் பிரிஞ்சா, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு உங்களை மாதிரி ஒருத்தர் முன்னாடி உக்காந்து பேசித்தான் ஆகணும்னு சட்டம். பேசறோம். பிரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல் வருஷம் ஒரு சிக்கலும் இல்ல, ஒரு வாரம் அவ வீடு, ஒரு வாரம் என் வீடு, நடந்தே போற தூரம். அப்புறம் அவளுக்கு, யோருனுக்கு, வேலை வந்துச்சு. கடலுக்கு நடுவுல காத்தாடி நட்டுக் கரண்ட் எடுக்குறானே, அந்தக் கம்பெனியில. அபர்டீன் ஆபீஸ். ஆறு மாசம் போய்ப் பாக்கிறேன், பிடிக்கலைன்னா திரும்பி வந்துடுறேன்னு சொல்லி, ஜனவரியில ஆல்வாவையும் கூட்டிட்டுப் போனா. நானும் சரின்னேன். ஆறு மாசம்தானேன்னு நெனைச்சேன். இப்ப ஜூன். அங்கயே இருந்துடறேங்கறா. அதுக்குத்தான் இந்தத் தாள்.

எனக்கு அது புரியுது தம்பி. நல்ல வேலை. நல்ல ஸ்கூல். பிள்ளை அங்க நல்லாத்தான் இருக்கு, அது பொய்யில்ல. என் கோபம் அதுல இல்ல. அவ எழுதிக் குடுத்திருக்கிற இந்த ஒப்பந்தத்துல நாலாவது வரியிலதான். இதோ, நானே படிக்கிறேன். பயண நேரம் ஒரு மணி பத்து நிமிடம் மட்டுமே என்பதால், தந்தை மாதம் இரு முறை அபர்டீன் சென்று மகளுடன் தங்குவார். மட்டுமேன்னு போட்டிருக்கா பாருங்க. அந்த மட்டுமே யாரு கேட்டது? அப்புறம் அதுக்குக் கீழ. மூணு மாசம் தொடர்ந்து தந்தை வராவிட்டால், சந்திப்பு ஏற்பாடு மறுபரிசீலனை செய்யப்படும். மறுபரிசீலனைன்னா என்ன? போன்ல மூஞ்சியக் காட்டிட்டு வெச்சுடு, பிள்ளை இனிமே உனக்கு இல்லைன்னு அர்த்தம். எழுத்துல எவ்ளோ மரியாதையா இருக்கு பாருங்க.

நான் வாயத் திறந்தா போதும், உடனே குடிலைப் பத்தி எடுத்துடுவா. மலை மேல எங்களுக்கு ஒரு குடில் இருக்கு, ரெண்டு ரூம்பு, தண்ணி கூட ஓடையிலேருந்துதான் தூக்கிட்டு வரணும். வெள்ளிக்கிழமை ஆனா நாலு மணி நேரம் கார் ஓட்டி அங்க போயிடுவேன். அங்க போக நாலு மணி நேரம் இருக்கு உனக்கு, பெத்த பிள்ளையப் பாக்க ஒரு மணி நேரம் இல்லையாங்கறா. என்ன பேச்சு இது? குடிலுக்குப் போறது ரோடு. ரோடுன்னா நான் நிறுத்தலாம். வண்டியை ஓரம் கட்டிட்டு எறங்கி நிக்கலாம், காலுக்குக் கீழ மண்ணு இருக்கும். பிளேன்ல எங்க எறங்குவே?

அது சரி, பேச்சுக்குச் சொன்னேன்.

இன்னொரு கூத்து கேளுங்க. இந்த வெப்சைட்டாவது ஒரு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கான். என் பொண்ணு அதையும் குறைச்சுட்டா. அங்க கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி இல்லையா? டிக்கெட்டுல என்ன போட்டிருப்பான்? இங்க கெளம்பறது பதினொன்னே கால், அங்க எறங்கறது பதினொன்னு இருபத்தஞ்சு. அதைப் படிச்சிட்டா. எட்டு வயசுல நல்லாப் படிக்கிறா, அதுல கொறை சொல்ல முடியாது. போன்ல சொல்றா, அப்பா, பத்து நிமிஷம்தானேப்பா, ஏன் வர மாட்டேங்கறே?

சிரிங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு யோருன் அவளைக் கூட்டிட்டு வந்தா இல்ல, அப்ப வர்ற டிக்கெட்டையும் படிச்சிருக்கா. இந்தப் பக்கம் வரும்போது ரெண்டு மணி பத்து நிமிஷம்னு இருக்கும். கடிகாரம் அந்தப் பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் ஓடுது, பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவளே ஒரு முடிவுக்கு வந்துட்டா. அங்கேருந்து இங்க வர்றது தூரம், இங்கேருந்து அங்க போறது கிட்டக்க. அதனால அப்பாதான் வரணும், அதான் நியாயம்னு சொல்லிட்டா. நான் திருத்தவே இல்ல. அப்பாவுக்குப் பத்து நிமிஷம், அதுக்கே வரலைன்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கா, நான் திருத்தாமயே விட்டுட்டேன் பாருங்க. என்ன மனுஷன் நான்.

இல்ல, டிஷ்யூ வேணாம். சொன்னேனே.

இருங்க, போனைப் பாத்துக்கறேன். ஒன்னுமில்ல, இந்த பிளேன் எங்க இருக்குன்னு காட்டுமே, அதுதான். இதோ. கடல் மேல ஒரு சின்ன மஞ்சப் புள்ளி. கரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. பதினஞ்சு நிமிஷம்ங்கறான். அவன் சொல்ற பதினஞ்சு.

கப்பலா? நல்லா கேட்டீங்க. முன்ன இங்கேருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் இருந்துச்சு, உங்களுக்குத் தெரிய நியாயமில்ல, அப்ப நீங்க பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க. சாயங்காலம் ஏறினா மறுநாள் மத்தியானம் அங்க. நிறுத்திட்டானுங்க. ஒரு மணி பத்து நிமிஷம்னு ஒன்னு வந்தப்புறம் எவன் கப்பல் ஏறுவான்? இன்னிக்கு நார்வேயிலேருந்து பிரிட்டனுக்கு ஆளை ஏத்திட்டுப் போற கப்பல் ஒன்னு கிடையாது. கடல்ல பொறந்து கடல்ல வளந்த ஊருன்னு டூரிஸ்டுக்குப் பெருமை பீத்திக்கறோம். எதுத்த கரைக்குப் போக ஒரு படகுக்கு வக்கில்ல.

ரோட்டுல போகலாம். சுத்திட்டுப் போகணும். இங்கேருந்து கிறிஸ்தியான்சாண்ட் மூன்றரை மணி நேரம். அங்க சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு கப்பல், டென்மார்க் வடக்கு முனையில ஏழே முக்காலுக்கு எறக்கி விடுவான். அங்கேருந்து டென்மார்க் முழுசும் மேலேருந்து கீழ, அப்புறம் ஜெர்மனி, அப்புறம் ஹாலந்து. ஆயிரம் கிலோமீட்டர் இருக்கு. ஹாம்பர்க்கு சுரங்கப்பாதையில காலையில ஏழுலேருந்து ஒம்போது வரைக்கும் நெரிசல், அதுக்கு முன்னாடி தாண்டிடணும், இல்லைன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆம்ஸ்டர்டாம் பக்கத்துலேருந்து அஞ்சரைக்கு இன்னொரு கப்பல், ராத்திரி பூரா போய் மறுநாள் காலையில ஒம்பதே காலுக்கு நியூகாசில். அங்கேருந்து இடது பக்கமா வண்டிய ஓட்டிக்கிட்டு ஸ்காட்லாந்து மேல அஞ்சு மணி நேரம். மூணு மணிக்குப் போய்ச் சேரலாம். மூணாவது நாள் மூணு மணி.

எல்லாம் மனப்பாடமான்னு பாக்கிறீங்களா? வெப்சைட்டுல போட்டுப் பாத்தேன். அவளுக்கு மட்டும்தான் வெப்சைட் பாக்கத் தெரியுமா?

எவனாவது போவான், யாரு கண்டா. கிறுக்கன் எல்லா ஊர்லயும் இருக்கான்.

சரி, எறங்கிடுச்சு. பாருங்க, நம்ம ஊர் சோலா ஏர்போர்ட் மேல வந்து நின்னுடுச்சு புள்ளி. பதினொன்னு அம்பத்தஞ்சு. அப்பாடா. ... இல்ல, ஒன்னுமில்ல. காபி இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. உங்க ஆபீஸ் காபியை எருமை கூடக் குடிக்காது. காலையில போட்டு ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சு மத்தியானம் வரைக்கும் அதையே பிதுக்கிப் பிதுக்கி ஊத்தறீங்க.

வாசல்ல டாக்ஸி பிடிச்சு வர இன்னும் அரை மணி. பன்னெண்டு இருபத்தஞ்சு ஆயிடும். அதுக்கப்புறம் கோட்டைக் கழட்டி, கைகுடுத்து, மன்னிப்புக் கேட்டு, மூடுபனியப் பத்தி ரெண்டு வார்த்தை பேசி... ம். எனக்குப் பன்னெண்டரைக்குக் கெளம்பணும் தம்பி. வேலை இருக்கு.

அந்தக் கறுப்புப் பொட்டியா? அது ஆல்வாவோட கார்னெட்டு. ஸ்கூல் பேண்டுல ஊதறது, குட்டி டிரம்பெட் மாதிரி. ஆறு வயசுலேருந்து ஊதறா. முதல் வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் நாய் ஊளையிடும், இப்ப ஊளையிடறதில்ல, அதை வெச்சு முன்னேற்றம்னு சொல்லிக்கறேன். மே பதினேழுக்கு வந்தப்ப அவ பழைய பேண்டோட ஊர்வலத்துல போனா. ரெண்டு மணி நேரம் மழையில நடந்து ஊதினா, ஒதடு வீங்கிப் போச்சு. கார்னெட்டை என் வீட்டுல வெச்சுட்டுப் போயிட்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவ ஸ்கூல்ல கச்சேரி. ஒரு இடத்துல இவ மட்டும் தனியா எந்திரிச்சு நின்னு ஊதணும். பன்னெண்டு வரி. அந்த ஸ்கூல்ல ஒரு ஓட்டைக் குழலைக் குடுத்திருக்கானுங்க, மூணாவது பொத்தான் அமுக்கினா மேல வராதாம், அதுல பழகிட்டிருக்கா. அதனால யோருன் எழுதியிருந்தா, புதன்கிழமை மீட்டிங்குக்கு வரும்போது கார்னெட்டை எடுத்துட்டு வா, நான் சாயங்கால பிளேன்ல கொண்டு போயிடறேன், பிள்ளை மறந்து வெச்சுட்டு வந்துடுச்சுன்னு.

மறக்கலை. ஞாயித்துக்கிழமை போன்ல மெதுவா சொன்னா. அம்மா பக்கத்துல இல்ல போலிருக்கு. அப்பா, நான் மறக்கலை, வேணும்னேதான் வெச்சுட்டு வந்தேன். நீ எடுத்துட்டு வா. எடுத்துட்டு வர ஒரு பொருள் இருந்தா வருவேல்ல?

சரின்னேன் தம்பி.

என்ன அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்கீங்க? அடுத்த பக்கத்துல என்ன எழுதியிருக்கா? ஜனவரியிலேருந்து தந்தை ஒரு முறை கூட வரவில்லை. ம். எழுதிட்டாளா. எழுதாம விடுவாளா.

இல்ல, பொய் எழுதலை. நானும் பொய் சொல்லலை. ஆறு தடவைன்னேன், ஆறு தடவைதான். ஆறு டிக்கெட் வாங்கினேன். ஆறு தடவையும் அந்த மீன் போட்ட சோபா வரைக்கும் போனேன். கேட்டைத் திறப்பான், சனம் வரிசையில நிக்கும், கிழவியெல்லாம் கைப்பையை ஆட்டிட்டுப் போவாளுக. நான் உக்காந்திருப்பேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுவான் மைக்குல. ஸ்வைனுங் மாலண்ட், கடைசி அழைப்பு. மூணு தடவை கூப்பிடுவான். நான் அங்கயேதான் இருப்பேன், இருபதடி தள்ளி, எவனோ வேற ஒருத்தனைக் கூப்பிடற மாதிரி கேட்டுக்கிட்டு. அப்புறம் கதவைச் சாத்திடுவான். வெளிய வந்து ஆல்வாவுக்கு போன் பண்ணி மூடுபனின்னு சொல்லுவேன். மூணு தடவை மூடுபனி, ரெண்டு தடவை முட்டி வலி, ஒரு தடவை வேலை. இன்னிக்குத்தான் நெசமாவே மூடுபனி வந்திருக்கு.

இது ஒன்னும் பெரிய கதையில்ல. நான் எண்ணெய்க் கெணத்து மேடையில இருந்தவன், கடலுக்கு நடுவுல. கிரேன் ஓட்டினேன். ரெண்டு வாரம் அங்க, நாலு வாரம் வீட்டுல. பதினேழு வருஷம் ஹெலிகாப்டர்ல போய்ட்டுப் போய்ட்டு வந்தேன், அது எனக்கு டவுன் பஸ் மாதிரி, ஏறினா தூங்கிடுவேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு நவம்பர்ல, மேடைக்கு இன்னும் பன்னெண்டு நிமிஷம்னு பைலட் சொன்னான். சொல்லி முடிக்கல, தண்ணிக்குள்ள இருக்கோம். தலைகீழா. பதினாலு பேர்ல பதிமூணு பேர் வெளிய வந்தோம். தோர்லைவ் வரலை. என் பக்கத்து சீட்டு. பெல்ட்டு சிக்கிக்கிச்சு. என் கையைப் பிடிச்சிருந்தான், நான்... சரி விடுங்க. பன்னெண்டு நிமிஷத் தூரம். அது எந்த வெப்சைட்டுலயும் இல்ல.

முட்டி வலின்னு எழுதி வாங்கிக்கிட்டு கரையில கிடங்கு வேலைக்கு மாறிட்டேன். முட்டிக்கு ஒரு கேடும் இல்ல. பயம் தம்பி. வெறும் பயம். நூறு கிலோ கனம் தூக்குறவன், இந்தா பெரிய தாடி, பயம்.

யோருனுக்கா? விபத்து தெரியும். பயம் தெரியாது. முட்டின்னுதான் நெனைச்சிட்டிருக்கா. எங்க ஆளுங்க அதெல்லாம் வாய விட்டுச் சொல்றதில்லையே. மழை எப்ப விடும்னு பேசுவோம், அவ்ளோதான். ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே எதிரெதிர உக்காந்து சாப்பிட்டோம். வாயத் திறக்காத மனுஷனோட இருக்க முடியலைன்னு சொல்லிட்டுத்தான் போனா. இப்ப உங்ககிட்ட பேசினதுல பாதியை அன்னிக்கு அவகிட்ட பேசியிருந்தா நீங்களும் வேண்டாம், இந்தத் தாளும் வேண்டாம். எனக்கே தெரியுது. தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறேன்.

மணி என்ன? பன்னெண்டேகால். பேனா குடுங்க.

அவ வந்தப்புறம்தான்னு ரூல் இருக்கும், எனக்கும் தெரியும். அவ வந்து அவ இடத்துல போடட்டும், நான் என் இடத்துல போடறேன். உக்காந்து சண்டை போட்டா ஜெயிப்பேனோ என்னமோ. இந்த நாலாவது வரியை வெச்சு ரெண்டு மணி நேரம் கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். ஆனா நாலரைக் கப்பல் எனக்காக நிக்காது தம்பி. அதை விட்டா ஹாம்பர்க்குல மாட்டிக்குவேன், ஹாம்பர்க்குல மாட்டினா ஆம்ஸ்டர்டாம் கப்பல் போயிடும், அது போனா வெள்ளிக்கிழமை போயிடும். கார் கீழதான் நிக்குது. டீசல் போட்டாச்சு, போர்வை வெச்சாச்சு, பிரெட்டுக்கு நடுவுல பழுப்புச் சீஸ் வெச்சு பன்னெண்டு பொட்டணம் கட்டியாச்சு. ஜாமும் இருக்கு. கார்ல எவன் திரவம்ங்கறான்னு பாப்போம்.

இதோ பாருங்க. பிள்ளை அம்மாகூட அங்கயே இருக்கட்டும். அதுக்கு மேல நான் ஒன்னும் கேக்கலை. மாதம் இரு முறைங்கறதை அடிச்சுட்டு ஒரு முறைன்னு போடறேன். போக மூணு நாள், வர மூணு நாள், நடுவுல ஒரு ரெண்டு நாள் அவளோட. கிடங்குல லீவு பேசிட்டேன், சம்பளம் பிடிச்சா பிடிச்சுக்கட்டும். அப்புறம் இந்த ஒரு மணி பத்து நிமிடம் மட்டுமேங்கறது. இதை அடிக்கிறேன். மேல எழுதறேன். ஐம்பத்தோரு மணி நேரம். எழுத்து புரியுதா? ஐம்பத்தோரு. மட்டுமே அப்படியே இருக்கட்டும்.

வேணாம், எந்திரிக்காதீங்க. பொட்டியை நானே தூக்கிக்கறேன், கனமில்ல. அந்த டப்பாவைக் குடுங்க. ரெண்டு போதும். ஊதுற வாயில தூசி பட்டிருக்கு, வழியில துடைச்சு வெச்சுடுவேன்.

யோருன் வந்ததும் கார்னெட் எங்கன்னுதான் முதல்ல கேப்பா. அவ இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பா. கார்னெட் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரும்னு சொல்லுங்க. ஆல்வாகிட்ட மட்டும் ஒன்னும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. அவ கேட்டா, பத்து நிமிஷம்தான் ஆச்சுன்னு நானே சொல்லிக்கறேன்.